வயது எல்லைநாளும் விளையாடும் வாய்ப்பும்: அமெரிக்க இளையோர் கால்பந்து லீக்குகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இளையோர் கால்பந்து, வயதுப் பிரிவு, எல்லைநாள், தகுதி விதி, சார்பு வயது விளைவு

முன்னுரை

எட்டு வயதுச் சிறுவரைப் பன்னிரண்டு வயதினரோடு மோதவிடாமல் காப்பதே இளையோர் விளையாட்டில் வயதுப் பிரிவின் நோக்கமாகும். பிரிவுகளை வகுக்க ஆண்டில் ஒரு நாளை எல்லையாகக் கொள்ள வேண்டியுள்ளது. அந்நாளுக்கு முந்தைய நாள் பிறந்தவரும் அந்நாளில் பிறந்தவரும் வெவ்வேறு பிரிவினர் ஆகின்றனர். இவ்வெல்லைநாளைப் பன்னாட்டு விதியோடு பொருத்துவதா, பள்ளி வகுப்போடு பொருத்துவதா என்பதில் அமெரிக்க லீக்குகள் கண்ட மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

லீக்குகளும் தகுதி விதிகளும்

அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு 1964இல் கலிஃபோர்னியாவில் தோன்றியது. பதிவு செய்த ஒவ்வொருவரும் ஆட்டத்தில் குறைந்தது பாதி நேரமாவது ஆட வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. யு.எஸ். யூத் சாக்கர் 1974இல் உருவானது. வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ். இளையவர் மூத்த பிரிவில் ஆடலாம்; மூத்தவர் இளைய பிரிவுக்கு இறங்கலாகாது என்பது பொது வழக்கு.

ஆகஸ்ட் 1 எல்லைநாளாக இருந்தது. ஃபிஃபாவின் இளையோர் போட்டிகளும் அந்நாளையே கொண்டிருந்தன. 1990களின் பிற்பகுதியில் ஃபிஃபா ஜனவரி 1க்கு மாறிய பின்னும் அமெரிக்க லீக்குகள் பழைய நாளையே பின்பற்றின. அந்நாட்டுப் பள்ளிகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திறப்பதால், ஒரே வகுப்பில் படிப்போர் பெரும்பாலும் ஒரே அணியில் ஆட முடிந்தது.

பிறப்பாண்டு முறையும் அதன் விளைவும்

2015இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறப்பாண்டு முறையை அறிவித்து, 2017 ஆகஸ்டுக்குள் அதனைக் கட்டாயமாக்கியது. பன்னாட்டு விதியோடு ஒத்திசைவும், சார்பு வயது விளைவை எதிர்கொள்ளுதலும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஒரே பிரிவில் எல்லைநாளை ஒட்டிப் பிறந்த மூத்தவர்கள் உடல் வளர்ச்சியால் முந்திக்கொண்டு மிகுதியாகத் தேர்வு பெறுவதே சார்பு வயது விளைவு எனப்படுகிறது.

பல மாநிலங்களில் பள்ளிச் சேர்க்கைக்கு செப்டம்பர் 1 எல்லை. ஆதலால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்தோர், தம் அணியினரைவிட ஒரு வகுப்புப் பின்தங்கினர். அணியின் மூத்தோர் ஒன்பதாம் வகுப்புக்குச் சென்று இலையுதிர்காலத்தில் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆடும்போது, எட்டாம் வகுப்பில் எஞ்சியோர் அணியின்றி நின்றனர். பயிற்றுநர் வட்டாரத்தில் இவர்கள் ‘சிக்கிக்கொண்ட ஆட்டக்காரர்கள்’ எனப்பட்டனர். சிறுவயதினரிடையே வகுப்புத் தோழர்கள் வெவ்வேறு அணிகளுக்குப் பிரிந்தனர்.

எல்லைநாள் மாற்றம்: பிறநாட்டுச் சான்றுகள்

எல்லைநாளை மாற்றினால் சார்பு வயது விளைவு நீங்குமா? பெல்ஜியம் 1997இல் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாறியது. ஹெல்சன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அதன்பின் ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்தோர் முன்னேறியதையும், முன்பு பயன்பெற்ற ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் பிறந்தோர் பின்தங்கியதையும் காட்டியது. மூஷ், ஹே ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு ஜெர்மனி, பிரேசில், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளை ஒப்பிட்டது. ஏப்ரலில் ஆண்டைத் தொடங்கும் ஜப்பானில் ஏப்ரலை ஒட்டிப் பிறந்தோரே மிகுந்திருந்தனர். ஆகவே காரணம் பருவநிலையன்று, எல்லைநாளே. அது நகரும்போது பாதிப்பு ஒழிவதில்லை, பாதிக்கப்படுவோரே மாறுகின்றனர்.

முடிவுரை

யு.எஸ். யூத் சாக்கர் உள்ளிட்ட அமைப்புகள் 2026-27 பருவம் முதல் ஆகஸ்ட் 1 – ஜூலை 31 முறைக்குத் திரும்புவதாக 2025இல் அறிவித்தன. இம்முறையிலும் ஆகஸ்டில் பிறந்தோர் பலர் தம் வகுப்பினின்று பிரிவர். எனினும் நான்கு மாதங்களில் பிறந்தோருக்கு இருந்த இடர் ஏறத்தாழ ஒரு மாதத்தினருக்குக் குறைகிறது. பிறப்பாண்டு முறை தேசிய அணியை எட்டக்கூடிய மிகச் சிலரை முன்னிறுத்தியது. கல்வியாண்டு முறை தோழரோடு ஆட வரும் பெரும்பான்மையினரை முன்னிறுத்துகிறது. எந்நாளும் அனைவருக்கும் நடுநிலையானதன்று. எனவே எல்லைநாள் விதியின் வரலாறு, லீக் எவருக்காக நடத்தப்படுகிறது என்பதற்கு அமைப்புகள் அளித்த விடைகளின் வரலாறாகவே அமைகிறது.