மாயாபந்தர் கடலை உங்கள் லேப்டாப்பில் சுழற்றிப் பார்க்க முடியுமா?

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதியில் தரை தாழ்ந்தது. மாயாபந்தருக்கு மேற்கே, இன்டர்வியூ தீவிலோ தரை உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. ஒரே தீவுக்கூட்டம், நேரெதிர் விளைவு. இதைப் புரிந்துகொள்ள தட்டையான மேப் போதாது. கடலடியை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கணும்.

சரி, டேட்டாவை டவுன்லோடு செய்துவிடலாமா? ஒரு கணக்குப் போடுவோம். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஆயிரம் புள்ளிகள் என்றால் மொத்தம் 100 கோடி. புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 ஜிபி. இப்படி 100 தருணங்களைச் சேர்த்தால் 400 ஜிபி. மாயாபந்தரில் உங்களுக்கு 20 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 44 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு லேப்டாப் திணறுவது தனிக்கதை.

எனவே டேட்டா இருக்கும் இடத்திலேயே படத்தை வரைந்து, படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். வரைவது கிளஸ்டர், அதாவது வேகமான நெட்வொர்க்கில் கோர்த்த பல கம்ப்யூட்டர்கள். 64 கம்ப்யூட்டர்கள் இருந்தால், ஆளுக்கு 6 ஜிபி சொச்சம்தான். ஒவ்வொன்றும் தன் பங்கை முழுத்திரைப் படமாக வரையும். எந்தப் புள்ளி எவ்வளவு தொலைவில் என்பதையும் குறித்துவைக்கும். கடைசியில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும்படி எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும்.

சிக்கலே இங்கேதான். முழு ஹெச்டி படம் ஒன்று, தொலைவுக் குறிப்போடு சுமார் 16 எம்பி. 64 படங்களும் ஒரே கம்ப்யூட்டருக்குப் போனால் ஒரு ஃபிரேமுக்கே 1 ஜிபி. அது மூச்சுத்திணறிவிடும். அதனால் ஜோடி ஜோடியாகப் பிரிந்து, பாதிப் படத்தை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. அடுத்த சுற்றில் கால் படம், பிறகு அரைக்கால். ஆறே சுற்றில் வேலை முடியும். கம்ப்யூட்டர்களை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பரிமாற்றம் கூடவே வரும். இலவச மென்பொருளான பாராவியூ இந்த வழியில்தான் இயங்குகிறது.

படம் உங்களிடம் வரும் வழி, 2020 ஆகஸ்டில் திறந்த சென்னை–அந்தமான் கடலடி கேபிள். நீளம் சுமார் 2,300 கி.மீ. வடக்கே அது கரையேறுவது ரங்கத்தில்; மாயாபந்தர் அதற்கும் வடக்கே. சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே 1,400 கி.மீ. என்றால், ஒளி போய்வர 14 மில்லிசெகண்ட். விநாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால் ஒன்றுக்குக் கிடைப்பதே 33 மில்லிசெகண்ட்தான். தூரத்தால் ஒரு ஃபிரேம்கூடத் தாமதமாகாது. மவுஸை இழுத்தும் படம் அசையவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி கேபிள் அல்ல, ரங்கத்துக்குப் பிறகான இணைப்பு.

சுனாமி எச்சரிக்கைக்கு இதெல்லாம் தேவையில்லை. 2007 முதல் செயல்படும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம், முன்பே கணக்கிட்டு வைத்த மாதிரிகளிலிருந்து பொருத்தமானதை எடுக்கிறது. படகுத்துறையை எங்கே கட்டுவது, எந்த மேட்டுக்கு ஓடுவது என்று அமைதியான நாட்களில் திட்டமிடுபவர்களுக்குத்தான் இந்தச் சுழலும் கடல் வேண்டும்.