கணப்புக்குள் நுழைந்த இரும்பு அடுப்பு

குளிர்நாட்டு வீடுகளில் சுவரைக் குடைந்து கட்டிய கணப்பு பார்க்க அழகானது, விறகுக்கோ எமன். திறந்து எரியும் நெருப்பு, அறையிலுள்ள வெதுவெதுப்பான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். எரிந்த விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினாலே பெரிது. அந்தக் கணப்பை இடிக்காமல், அதன் குழிக்குள்ளேயே ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்திச் சூட்டைப் பிடித்துவைக்கும் முயற்சிக்கு ஏறக்குறைய 280 ஆண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் இன்று அந்த அடுப்புக்கு ‘இன்சர்ட்’ என்று பெயர். அடுப்பு முதலிலேயே கைகூடிவிட்டது. புகை போகும் வழியைச் சரிசெய்யத்தான் இரண்டரை நூற்றாண்டு பிடித்தது.

பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் தொடக்கத்தில் தம் அடுப்பை வடிவமைத்தார். நூறு ஆண்டுக்கு முன் வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய கவலை. நண்பர் ராபர்ட் கிரேஸின் உலையில் வார்ப்பிரும்புத் தகடுகள் வார்க்கப்பட்டன. அவற்றைக் கோத்து ஒரு பெட்டியாக்கிக் கணப்புக்குள் நிறுத்த வேண்டும். நெருப்புக்குப் பின்னால் உள்ளீடற்ற இரும்பு அறை ஒன்று நின்றது. தரைக்கு அடியில் வெட்டிய கால்வாய் வழியாகக் காற்று அதற்குள் வந்து, சூடேறி, பக்கத் துளைகள் வழியே வீட்டுக்குள் பரவும். புகை அந்த அறையின் தலைக்கு மேலேறி, பின்புறமாகக் கீழே இறங்கி, புதிதாக எழுப்பிய செங்கல் சுவரின் அடியில் நுழைந்து, அதன் பிறகே புகைபோக்கிக்குள் ஏறும்.

1744இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் கொத்தனாருக்கென்றே தனிக் குறிப்புகள் இருக்கின்றன. அடுப்பை எப்படிச் செய்வது என்பதோடு, இருக்கிற கணப்புக்குள் அதை எப்படி வைத்துக் கட்டுவது என்பதையும் எழுத வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். பொதுவான கணப்பில் சூட்டின் ஆறில் ஐந்து பங்கு வீணாகிறது என்று கணக்கிட்டார். தம் அறை கால்பங்கு விறகில் இருமடங்கு சூடாகிறது என்றும் எழுதினார். ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது, பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைவதுபோல நம்முடையதையும் பிறருக்குத் தாராளமாகத் தரவேண்டும் என்று மறுத்துவிட்டார். லண்டன் இரும்பு வியாபாரி ஒருவர் அதில் சிறு மாற்றங்கள் செய்து காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தார்.

ஆனால் புகை கீழே இறங்குவது அதன் இயல்புக்கு மாறானது. புகைபோக்கி நன்றாகச் சூடேறியிருந்தால்தான் அது இழுக்கும்; நெருப்பு தணிந்தால் புகை அறைக்குள் திரும்பும். பின்னால் வந்தவர்கள் இந்தக் கீழிறக்கத்தைக் கைவிட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிராங்க்ளின் அடுப்பு என்ற பெயரில் பிற்பாடு விற்றவற்றில் பெரும்பாலானவை அவர் வரைந்தவை அல்ல.

1796இல் ரம்போர்டு பிரபு கணப்பையே திருத்தினார். புகைபோக்கியின் தொண்டையை நான்கு அங்குலமாகக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்ததில் புகைத் தொல்லை பெரிதும் குறைந்தது. நெருப்பு மட்டும் திறந்தே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வீடு முழுவதையும் சூடாக்கும் எண்ணெய், எரிவாயு உலைகள் வந்தபின் கணப்பு அலங்காரப் பொருளாயிற்று.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சில மாதங்களில் பீப்பாய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அமெரிக்கர்கள் மீண்டும் விறகைத் தேடினார்கள். இன்சர்ட் விற்பனை சூடுபிடித்தது. பல வீடுகளில் அடுப்பைக் கணப்புக்குள் தள்ளி, சுற்றியுள்ள இடைவெளியை இரும்புத் தகட்டால் மூடினார்கள், வேலை முடிந்தது. அடுப்பின் புகைவாயிலிருந்து மேலே ஒரு குழாயும் கிடையாது. புகை, பழைய கணப்பின் குழிக்குள் கொட்டி, தானே வழி தேடிக்கொள்ள வேண்டும்.

கேடு அங்கேதான் தொடங்கியது. மூடிய அடுப்பு குறைவான புகையையே வெளிவிடும். இரவு முழுக்கக் கனன்று எரியட்டும் என்று காற்றை அடைத்துவைத்தால் அதுவும் சுருங்கும். திறந்த நெருப்புக்காகக் கட்டிய புகைபோக்கியோ அகலமானது. ஆறு அங்குலக் குழாயின் உட்பரப்பு 28 சதுர அங்குலம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு துவாரத்தின் பரப்பு 144. ஐந்து மடங்கு பரப்பில் புகை தளர்ந்து ஊர்ந்து, ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்து, சுவரில் தாராகப் படியும். கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவு முதலில் பிசுபிசுக்கும். பிறகு இறுகிக் கருங்கண்ணாடிபோலப் பளபளக்கும். துடைப்பானுக்கு அசையாது. அடுப்போ நூற்றுக்கணக்கான கிலோ எடை. அதை வெளியே இழுத்தால்தான் சுத்தம் செய்ய முடியும் என்பதால் பல வீடுகளில் யாரும் இழுக்கவில்லை. ஒருநாள் ஒரு பொறி மேலே போய் அந்தப் படிவு பற்றிக்கொள்ளும். ரயில் வருவதுபோன்ற இரைச்சலோடு 1,000 டிகிரியைத் தாண்டி எரிந்து, புகைபோக்கியின் உட்புறச் சுட்டமண் ஓடுகளைப் பிளந்து, விரிசல் வழியே வீட்டின் மரச் சட்டங்களைத் தொடும்.

1980களில் விதிகள் இறுகின. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் விதித்தொகுப்பு, அடுப்பின் புகைவாயைப் புகைபோக்கியின் உட்பூச்சு ஓடு தொடங்கும் இடம்வரையாவது குழாயால் இணைக்கச் சொல்கிறது. புகைவழியின் பரப்பு அடுப்பின் வாயைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது. புகைபோக்கி வெளிச்சுவரில் நின்றால் இரண்டு மடங்குதான். மாசு பற்றிய விதிகளும் சேர்ந்தன: 1988இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புகைத்துகளுக்கு வரம்பு கட்டியது. 2020 முதல் அந்த வரம்பு பொதுவாக மணிக்கு 2 கிராம். இன்றைய இன்சர்ட்டுகள் பல எழுபது சதவீதச் சூட்டை வீட்டுக்குத் தருகின்றன.

இன்று தேர்ந்த வேலைக்காரர் முதலில் புகைபோக்கியைச் சுரண்டித் துடைத்து, விரிசல் பார்க்கிறார். புகைவழியில் இருக்கும் பழைய தடுப்புத் தகட்டைக் கழற்றுகிறார் அல்லது வெட்டுகிறார். கூரையிலிருந்து வளையும் எவர்சில்வர் குழாயை, வெப்பக்காப்புப் போர்வை சுற்றி, அடுப்பின் வாய்வரை இறக்கி இறுக்குகிறார். குழாயைச் சுற்றித் தொண்டையைத் தகட்டால் அடைத்தால் சூடு மேலே ஓடாது. உச்சியில் மழைமூடி. புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்று அடியும், பத்து அடிக்குள் உள்ள எதையும்விட இரண்டு அடியும் உயர்ந்திருக்க வேண்டும். எரிக்கும் விறகில் ஈரம் இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

1970களில் குழாயின்றித் தள்ளிவைத்த இன்சர்ட்டுகள் இன்னும் சில பழைய வீடுகளில் அப்படியே இருக்கின்றன. அத்தகைய வீட்டை வாங்குகிறவர், முதல் விறகை வைக்குமுன் அடுப்பை வெளியே இழுத்துப் பின்புறத்தைப் பார்க்கட்டும்.