வழித்துணை தேடி வந்தவர்கள்

"உன் பங்குக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் கதை, கேன்டீன் கதையெல்லாம் நிறைய வந்துடுச்சு. நீ வரலாறு படிச்சவன், வரலாறா எழுது" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். எதை எழுதுவது என்று யோசித்தபோது எங்க ஊர்க் கோயில்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

நான் விரிஞ்சிபுரத்துக்காரன். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். எங்க ஊர்க் கோயிலின் மதில் அழகைப் பற்றிப் பெரியவர்கள் பழமொழியே சொல்வார்கள். உள்ளே இருக்கும் சுவாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். திருடர் பயத்தோடு போன ஒரு வணிகனுக்கு வேட வடிவில் வழித்துணையாக வந்தார் என்பது தலபுராணம். சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது பக்தி. மற்றவர்களும் யோசிக்க அதில் ஒரு விஷயம் உண்டு. வழியில் தனியாக வருகிறவனுக்குத் துணை வேண்டும் என்று நம் முன்னோர் ஒரு கோயிலே கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படித் துணை தேடி நம் மாவட்டத்துக்கு வந்தவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது யார் துணை நின்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலூருக்கு நாடிழந்தவர்கள் புதிதல்ல. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தாரை வெள்ளைக்காரன் நம் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தான். 1806 புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு 1816-ல் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் இங்கே கைதியாக வந்தார். பதினாறு வருஷம் இருந்து, நோய்வாய்ப்பட்டு 1832 ஜனவரியில் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்தான். நாம் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருப்போம், உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அரசர்கள் வந்து சரியாக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, அதே இலங்கையிலிருந்து சாதாரண ஜனங்கள் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கியது. சுமார் 30 கிலோமீட்டர் கடல்; அதைத் தாண்ட இரவில் படகுகள். 1983-க்கும் 1987-க்கும் இடையில் வந்தவர்கள் சுமார் 1,34,000 பேர். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமார் 25,000 பேர் திரும்பிப் போனார்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டது. 1989 கடைசியிலிருந்து 1991 வரை வந்த இரண்டாவது அலையில் மட்டும் சுமார் 1,22,000 பேர்.

வந்தவர்கள் முதலில் தங்கியது ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களைக் காலரா, அம்மை இருக்கிறதா என்று தடுத்து நிறுத்திப் பரிசோதித்த முகாம் அது. நோய் தீவுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகக் கட்டிய இடம், பின்னாளில் தீவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு முதல் கூரையானது. அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். அப்படி நம் மாவட்டத்திலும் முகாம்கள் ஏற்பட்டன. வேலூரிலிருந்து எங்க ஊருக்கு வரும் வழியில் உள்ள மேல்மொணவூர், ஆம்பூர் பக்கத்து மின்னூர், சின்னப்பள்ளிக்குப்பம் போன்ற இடங்கள் அப்படித்தான் முகாம்களாயின.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்.எஸ்.எஸ். சார்பில் ஒரு முகாமுக்குப் போனோம். எந்த முகாம் என்று சொல்லத் தேவையில்லை. பத்துக்குப் பத்து அடி அளவில் வரிசையாக அறைகள், நடுவில் சாக்குத் தடுப்பு, ஒரே அடிபம்ப். நாங்கள் கணக்கெடுக்கப் போனவர்கள். எத்தனை பேர், என்ன வயசு, என்ன நோய் என்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஒரு குழந்தைக்குப் பேதி. கண் உள்ளே போய்விட்டது, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. எங்களிடம் இருந்த முதலுதவிப் பெட்டியில் டிங்சரும் தலைவலி மாத்திரையும்தான். "டிரிப்ஸ் ஏத்தணும்டா, வண்டி பாரு" என்று இரண்டு பேர் ரோட்டுக்கு ஓடினோம். கடைசி பஸ் போயாச்சு.

திரும்பி வந்து பார்த்தால் மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியால் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தார். எண்பத்து நாலிலேயே வந்தவராம், வேறொரு முகாமில் சுகாதாரத் தொண்டர் பயிற்சி எடுத்தவராம். "தம்பி, நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ. பிள்ளைக்கு ஒவ்வொரு கரண்டியாக் குடுக்க வேணும், அவசரப்படக் கூடாது" என்றார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான் மருந்து. ராத்திரி முழுக்க அந்த அக்கா தூங்கவில்லை. விடியற்காலையில் குழந்தை சிறுநீர் போனது. "இனிப் பயமில்லை" என்று சிரித்தார். பிறகு ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே முதலில் கேட்டது "முகாம் லெட்டர் இருக்குதா?" என்றுதான். குழந்தையைப் பார்த்தது அதற்கப்புறம். நாங்கள் நிரப்பிய படிவம் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அக்காவின் கரண்டிக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் புரிந்தது. 1971-ல் வங்கதேசப் போரின்போது சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவ் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கரைத்துப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளியின் அம்மாவையும் அண்ணனையும் கொண்டே குடிக்க வைத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று உலகமெங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அந்த அகதி முகாம் ஒரு பெரிய காரணம். அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்மவிபூஷண் அறிவித்தார்கள்.

குளுக்கோஸும் உப்பும் சேர்ந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை விஞ்ஞானிகள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். பன்காவ் காட்டியது வேறொன்று. பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லாத இடத்தில், அகதியே அகதிக்கு நர்ஸாக இருக்க முடியும்.

நம் தமிழ்நாட்டில் இதையே வேறு வழியில் செய்தவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் இருந்தவர்களிலிருந்தே சுகாதாரத் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளை எடை போடுவது, தடுப்பூசிக்கு ஆள் திரட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வரலாம். பக்கத்து அறையில் இருக்கிறவர் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பார்.

முகாமில் நோய் வருவதற்குக் காரணம் கிருமி மட்டும் இல்லை, இடமும்தான். இன்று உலகளவில் நிவாரணப் பணிக்கு ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் கூரையுள்ள இடம். பத்துக்குப் பத்து அறை என்றால் ஒன்பது சதுர மீட்டர் சொச்சம். நாலு பேர் குடும்பத்துக்குப் பதினாலு வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் தட்டம்மை ஒரு குழந்தைக்கு வந்தால் எல்லாக் குழந்தைக்கும் வரும். அதனால்தான் முகாம் திறந்தவுடன் முதல் வேலையாகத் தட்டம்மைத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் தண்ணீர்க் கஷ்டம் வேறு. தோல் ஷாப்புகளின் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம். ஊர்க்காரனுக்கே நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் அகதி எந்தக் குழாயில் பிடிப்பான்?

1991 மே மாதம் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அதோடு நம் ஜனங்களின் மனசு மாறியது. அதில் நியாயமான கோபமும் இருந்தது. ஆனால் குண்டு வைத்தவனும் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவனும் ஒன்றாகிப் போனார்கள். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகக் கட்டுப்பாடு வந்தது. தொழிற்கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு இருந்த இட ஒதுக்கீடு நின்றது. 1992-க்கும் 1995-க்கும் இடையில் சுமார் 54,000 பேர் திரும்ப அனுப்பப்பட்டார்கள். 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைச் சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனதும் சந்தேகம் இன்னும் கூடியது. சந்தேகம் ஒரு நோயாளியை என்ன செய்யும்? வருகைப் பதிவு நாளில் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பான். ஆஸ்பத்திரியில் பேசினால் பேச்சிலேயே இலங்கை என்று தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் இருப்பான். வாயைத் திறக்காத நோயாளிக்கு எந்த டாக்டர் வைத்தியம் பார்ப்பார்?

இந்த இடத்தில் நம் ஊர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கியவர். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார். 'ரோட்சைடு' என்றே அந்தப் பணிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. நோயாளி எங்கே இருக்கிறானோ அங்கே வைத்தியர் போக வேண்டும் என்கிற பாடம் நூறு வருஷத்துக்கு முன்பே நம் சாலையில் எழுதப்பட்டது.

கடலுக்கு அந்தப் பக்கமும் அதே பாடம்தான். 2009-ல் வன்னியில் கடைசி மாதங்களில் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா என்ற அரசு டாக்டர்கள், ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக விழ விழ, பள்ளிக்கூடங்களையும் கூடாரங்களையும் ஆஸ்பத்திரியாக்கி ஜனங்களோடு ஜனங்களாக இடம் பெயர்ந்துகொண்டே வைத்தியம் பார்த்தார்கள். போர் முடிந்ததும் அவர்களைக் கைது செய்து காவலில் வைத்தார்கள். அந்த மார்ச்சில் இந்தியா அனுப்பிய மருத்துவக் குழு புல்மோட்டையில், கப்பலில் வந்து இறங்கிய காயக்காரர்களைக் கவனித்தது.

இப்போது நம் முகாம்களின் நிலை முன்னே மாதிரி இல்லை. 2021 அரசுக் கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அந்த வருஷமே 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். புது வீடுகள் கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் நம்ம மேல்மொணவூர்தான். 2023 செப்டம்பரில் வீடுகளைத் திறந்ததும் அங்கேதான். அரசு மருத்துவக் காப்பீடு முகாம் குடும்பங்களுக்கும் உண்டு. இவையெல்லாம் சந்தோஷமான செய்திகள். நோயும் மாறிவிட்டது. பேதி போய், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்திருக்கிறது. நாற்பது வருஷக் காத்திருப்பில் மனசுக்கு வரும் நோயும் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நல்ல மார்க்கும் வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு, குடியுரிமை இல்லாத காரணத்தால் டாக்டர் படிப்பு எட்டாக்கனியாகவே இருக்கிறது. படிவம் இல்லாமல் குழந்தையைக் காப்பாற்றிய அந்த அக்காவின் பேத்திக்கு, படிவத்தில் ஒரு வரி இல்லாததால் ஸ்டெதஸ்கோப் கிடைக்காது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

நம் சங்கத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், தோல் தொழிலில் நல்ல நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என்.எஸ்.எஸ். இருக்கிறது. அடுத்த முறை முகாமுக்குப் போனால் படிவத்தைப் பையிலேயே வையுங்கள். முதலில் அங்கே இருக்கும் சுகாதாரத் தொண்டர் யார் என்று விசாரித்து, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு கூடும்போது அதை இந்த மேடையில் படிப்போம். யாரால் எதைச் செய்ய முடியும் என்று அங்கேயே பேசி முடிவு செய்வோம்.

விரிஞ்சிபுரம் வழியாக வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கோயில் மதிலையும் பார்க்கலாம். திரும்பும் வழியில்தான் மேல்மொணவூர்.