டிராம் வண்டி போன பாதை

சென்னைப் பட்டணத்துக்கு ஒரு பெருமை உண்டு. என்ன காரணமோ, நாம் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் வண்டி ஓடியது இந்த ஊரில்தான்! அது 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி. அப்போது கல்கத்தாவிலும் பம்பாயிலும் டிராம் வண்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன. லண்டன் மாநகரத்திலும் அதே கதைதான். நம்மவர் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், வீதியில் மின்சாரம் ஓடிற்று.

அந்த மின்சாரம் முதலில் பூமிக்கடியில் ஒளிந்திருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே குறுகலான ஒரு பிளவு, அதன் கீழே சிறு கால்வாய், அதற்குள் மின்சாரம். வண்டியின் அடியிலிருந்து ஒரு கருவி அந்தப் பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் கருவிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் என்ன தெரியுமா? கலப்பை!

உழவன் கலப்பைக்கு மழை வேண்டும். டிராம் கலப்பைக்கோ மழைதான் சத்துரு. ஐப்பசி மழையின் குணம் சீமையிலிருந்து வந்த யோசனைக்குத் தெரியவில்லை. கால்வாயில் வெள்ளம் புகுந்தால் வண்டி எப்படி நகரும்? கடைசியில் மின்சாரத்தைத் தலைக்கு மேலே கம்பியில் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு டிராமுக்கு நல்ல காலம். துறைமுகப் பக்கத்திலிருந்து ஊருக்குள்ளே சாமான்களும் சென்றன, ஜனங்களும் சென்றார்கள். மவுண்ட் ரோடு, பாரி முனை எங்கும் அதன் மணியோசைதான். 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

பிறகு பஸ் வந்தது. பஸ் சந்து கண்ட இடத்தில் திரும்பும். டிராமோ தண்டவாளம் போட்ட கோட்டைத் தாண்டாது. கம்பெனி நொடித்துப் போயிற்று. 1953 ஏப்ரல் 12-ந் தேதியோடு எல்லாம் முடிந்தது. நஷ்டக் கணக்கை மூடிவிடுவது சுலபம். ஆனால் அந்த வண்டியை நம்பிக் குடும்பம் நடத்திய தொழிலாளர்களின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அறுபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 2015-ல், மெட்ரோ ரயில் வந்தது. அன்று மின்சாரத்தைப் பூமிக்கடியில் வைத்து நாம் மேலே சென்றோம். இன்று மின்சாரத்தோடு நாமும் பூமிக்கடியில் போகிறோம். மவுண்ட் ரோட்டின் கீழே போகும்போது, தலைக்கு மேலே ஒரு காலத்தில் டிராம் மணி ஒலித்தது என்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.