உடன்பிறந்தார் முன்னுரிமை: ஐக்கிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் ஒரு பிரிவு பற்றிய வரலாற்று நோக்கு

குடிவரவுச் சட்டத்தை ஒரு நாட்டின் எல்லைக் காவல் பற்றிய ஏற்பாடாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. யாவர் குடும்பத்தவர், யாவர் அந்நியர் என்பதையும் அச்சட்டமே வரையறை செய்கின்றது. ஐக்கிய அமெரிக்கப் பிரசை ஒருவர், வயதுவந்த தம் சகோதரரையோ சகோதரியையோ நிரந்தர வதிவாளராக அழைப்பித்துக்கொள்ள இடமளிக்கும் பிரிவு இதற்குத் தக்க சான்றாகும். குடும்பப் பாசத்துக்கு அரசு அளித்த அங்கீகாரமாகவே இப்பிரிவு பொதுவாகப் போற்றப்படுகின்றது. அதன் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. நாட்டின் இனவிகிதத்தைப் பேணுமென்ற நம்பிக்கையோடு அகலத் திறக்கப்பட்ட வாயில் ஒன்று, முன்னர் விலக்கப்பட்டிருந்தோரின் கைக்கு எவ்வாறு மாறிற்று என்பதும், பின்னர் அவ்வாயில் எவ்வாறு ஒடுங்கிற்று என்பதுமே இங்கு ஆராயப்படுகின்றன.

1924ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய மூலத்தை அடிப்படையாகக் கொண்ட பங்கீட்டு முறையை நிலைநிறுத்தியது. வடமேற்கு ஐரோப்பியருக்குப் பெரும்பங்கு வழங்கப்பட்டது. தென், கிழக்கு ஐரோப்பியரின் பங்கு சுருக்கப்பட்டது. ஆசியர் ஏறத்தாழ முற்றாக விலக்கப்பட்டனர். சனாதிபதி ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறி 1952இல் நிறைவேற்றப்பட்ட மக்கரன் - வோல்ட்டர் சட்டமும் இம்முறையையே தொடர்ந்தது. அதன்படி ஆண்டொன்றுக்குப் பிரித்தானியாவுக்கு 65,361 இடங்களும், இத்தாலிக்கு 5,645 இடங்களும், கிரேக்கத்துக்கு 308 இடங்களும் ஒதுக்கப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் தலைக்கு 100 இடங்களையே பெற்றன. பிரசைகளின் உடன்பிறந்தார் இச்சட்டத்தில் நான்காவது முன்னுரிமையில் வைக்கப்பட்டனர். எனினும், ஏனைய பிரிவினர் எடுத்து எஞ்சியவற்றின் ஒரு பகுதியே அவர்க்குரியதாயிற்று. பிரித்தானியாவின் பங்கு நிரம்பாது கிடக்க, இத்தாலியரதும் கிரேக்கரதும் உடன்பிறந்தார் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். அக்குடியேறிகளின் வழிவந்தோர் வாக்குவலிமை பெற்றுவிட்ட காலமும் அதுவே.

1960களின் குடியுரிமை இயக்கம், வெளிப்படையான இனப்பாகுபாட்டைச் சட்டத்தில் வைத்துக் காப்பதை அரசியல் ரீதியாகக் கடினமாக்கிற்று. 1963இல் கென்னடி அரசாங்கம் முன்வைத்த திட்டம் தொழிற்றிறனுக்கு முதலிடம் வழங்கியது. ஆனால், பிரதிநிதிகள் சபையின் குடிவரவு உபகுழுத் தலைவராயிருந்த ஒகையோ மாநிலத்து மைக்கல் ஃபீகன், உறவுமுறைக்கே முதலிடம் வேண்டுமென நின்றார். ஏற்கெனவே நாட்டில் வாழ்வோரின் உறவினரே வருவாராயின், வருவோரின் இனவமைப்பும் இருப்போரினதைப் போலவே அமையுமென்ற எதிர்பார்ப்பு இந்நிலைப்பாட்டின் பின்னால் இருந்தது. பழைய பங்கீட்டை ஆதரித்துவந்த அமெரிக்கப் படைவீரர் சங்கமும் இக்காரணத்தாலேயே அமைதியடைந்தது. மறுபுறத்தில், சட்டமூலத்தின் காவலரான இமானுவேல் செல்லர், ஆசியருக்கும் ஆபிரிக்கருக்கும் அமெரிக்காவில் உறவினர் மிகக் குறைவாதலால் அவர்கள் பெருந்தொகையாக வரமாட்டார்களெனச் சபைக்கு உறுதி கூறினார். சீர்திருத்தவாதிகளும் எதிர்ப்பாளரும் ஒரே கணக்கினை நம்பியே உடன்பாடு கண்டனர் என்பது கவனத்திற்குரியது.

1965 ஒக்டோபர் 3ஆம் நாள் சனாதிபதி ஜோன்சன் சுதந்திர தேவி சிலையடியிற் சட்டத்தில் ஒப்பமிட்டார். கிழக்கு அரைக்கோளத்துக்கு 170,000 இடங்கள். எந்நாட்டுக்கும் 20,000க்கு மேற்படாத உச்சவரம்பு. முன்னுரிமை இடங்களுள் 74 சதவீதம் உறவினர்க்கு. இவற்றுள்ளும் மிகப் பெரிய தனிப்பங்காகிய 24 சதவீதம், ஐந்தாவது முன்னுரிமை என்ற பெயரில், பிரசைகளின் உடன்பிறந்தாருக்குக் கிடைத்தது. சகோதர சகோதரிகள் சட்டம் எனச் சிலர் இதனை அழைத்தமை வியப்பன்று.

கணக்கு பிழைத்தது. மேற்கைரோப்பியப் பொருளாதாரம் வளர்ந்திருந்தமையால் அங்கிருந்து வரவிரும்பியோர் குறைந்தனர். பிலிப்பைன்ஸ், கொரியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து மருத்துவரும் தாதியரும் பொறியியலாளரும் தொழிற்றிறன் முன்னுரிமையில் வந்தனர். வந்தோர் 5 ஆண்டுகளின் பின் பிரசையாகி, உடன்பிறந்தாருக்கு விண்ணப்பித்தனர். ஆசியரை விலக்கும் வேலியாகக் கருதப்பட்ட உறவுமுறை, அவர்களுக்கே ஏணியாயிற்று. சட்டத்தை இயற்றுவோரின் உள்நோக்கம் அதன் சமூக விளைவை முற்றாக நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இங்குப் பொருளாதார உண்மையொன்றையும் மறத்தலாகாது. வயதுவந்த சகோதரர் ஒருவர் வரும்போது, அவரை வளர்த்துக் கல்வியூட்டிய செலவினைப் பிறிதொரு சமூகம் ஏற்கெனவே செலுத்திவிட்டது. வந்தவர் அன்றே உழைக்கத் தொடங்குகின்றார். குசராத்தியரின் சிறு விடுதிகளும் கொரியரின் கடைகளும் பெருமளவிற் குடும்ப உழைப்பிலேயே ஊன்றி எழுந்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, அழைப்பிப்பவரின் வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென விதித்து, ஆதரவுப் பொறுப்பைச் சட்டப் பிணைப்புள்ள ஒப்பந்தமாக்கியது. உழைப்பின் பயன் பொதுவாக, அதன் இடர்காப்பு உறவின் தலையிற் சுமத்தப்பட்டது.

ஆசியரும் இலத்தீன் அமெரிக்கரும் இப்பிரிவினாற் பயன்பெறத் தொடங்கிய பின்னரே, உடன்பிறந்தார் உண்மையிற் குடும்பத்தவர்தாமா என்ற வினா உரத்து எழுந்தது. 1976இல், விண்ணப்பிக்கும் பிரசை 21 வயதை அடைந்திருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 1982இல் சிம்சன் - மசோலி சட்டமூலம் ஐந்தாவது முன்னுரிமையைக் குறைக்க முற்பட்டது. ஆசிய, இலத்தீன் அமெரிக்க அமைப்புகளின் எதிர்ப்பினால் அது நிறைவேறவில்லை. 1995இல் பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணைக்குழு இப்பிரிவை நீக்குமாறு விதந்துரைத்தது. 2013இல் செனற் சபை 68க்கு 32 என்ற வாக்குகளால் நிறைவேற்றிய சட்டமூலமும் இதனை நீக்கியிருக்கும். பிரதிநிதிகள் சபை அதனை எடுத்துக்கொள்ளவில்லை. கணவன், மனைவி, பராயமடையாப் பிள்ளைகள் என்ற கருக்குடும்பமே இயல்பான குடும்பமென இம்முயற்சிகள் யாவும் கொண்டன. இத்தாலியரின் சகோதரர் வரிசையில் நின்ற நாளில் இவ்வரையறை இத்துணை வலுவாக வலியுறுத்தப்படவில்லை.

ஒழிக்கவியலாத உரிமை தாமதத்தினால் ஒடுக்கப்பட்டது. 1980இல் மொத்த இடங்கள் 270,000 ஆனபோது 24 சதவீதம் 64,800 ஆயிற்று. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இப்பிரிவை நான்காவது முன்னுரிமையாக மாற்றி, 65,000 என வரையறுத்தது. உடன்வரும் துணையும் பிள்ளைகளும் இத்தொகையுள் அடங்குவர். விண்ணப்பித்தோர் பெருகிய போதும் இத்தொகை பெருகவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பிலிப்பைன்ஸ் நாட்டவர் 20 ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தனர். 2024ஆம் ஆண்டளவில் மெக்சிக்கோவினரின் காத்திருப்பு 20 ஆண்டுகளையும், மற்றைப் பெரும்பாலோரினது 15 ஆண்டுகளையும் கடந்திருந்தது. இக்காலத்துள் அழைத்தவர் இறப்பின் விண்ணப்பமும் பொதுவாக அவரோடு வீழ்ந்துவிடும். பிள்ளைகள் 21 வயதைக் கடந்து தம் இடத்தை இழப்பதுண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பம் பரிசீலனையிலிருந்த காலத்தை மட்டுமே அவர்தம் வயதிலிருந்து கழித்தது. ஒருவர் வந்தால் ஓரூரே தொடர்ந்து வந்துவிடுமென 2017இல் மீண்டும் எழுப்பப்பட்ட கூக்குரல், இவ்வரிசையின் நீளத்தை மறைத்தே எழுந்தது. நாற்பது வயதில் அழைக்கப்பட்டவர் அறுபதில் வந்துசேருங் கதையைத் தொடர்குடியேற்றம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

அண்ணன் தம்பியரும் அக்காள் தங்கையரும் ஒருவரையொருவர் கரைசேர்த்தல் கடனெனக் கருதும் சமுதாயங்களுக்கு, அவர்கள் குடும்பத்தவர்தாமா என்ற வினாவே அந்நியமானது. ஆயினும், அவ்வினாவுக்கான விடை ஒழுக்கநெறியினால் மட்டும் தீர்மானிக்கப்பட்டதன்று என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. எவருடைய சகோதரர் வாயிலில் நிற்கின்றார் என்பதைப் பொறுத்துக் குடும்பத்தின் எல்லை விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. அவ்வாறாயினும், ஆறு தசாப்தங்களுக்கு மேலாக இப்பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து அகற்றப்படாமைக்கு, ஆள்வோரின் தயவைவிட, அதனைத் தமதாக்கிக் கொண்ட மக்களின் விடாப்பிடியான போராட்டமே முதற் காரணம் எனலாம்.