பழுப்பு மை: மூன்று நிறங்களின் கதை

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பழைய கோட்டோவியங்களின் கீழே ஒரு சிறிய குறிப்பு இருக்கும்: "பேனா, பழுப்பு மை". ரெம்பிரான்ட் படமானாலும் சரி, வேறு யாருடையதானாலும் சரி, பெரும்பாலும் இவ்வளவு தான். என்ன மை என்று ஏன் எழுதவில்லை? காரணம் எளிது. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழுப்பாகத் தெரியும் மை குறைந்தது மூன்று வகை. மூன்றும் பிறந்த விதம் வேறு, முடிவும் வேறு.

முதல் வகை பிஸ்டர். பீச் மர விறகை எரித்து, அந்தப் புகைக்கரியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் கிடைப்பது. செலவு குறைவு. மஞ்சள் கலந்த பழுப்பில் தொடங்கிக் கரும்பழுப்பு வரை போகும். ஓவியர்கள் நிழல் தீட்ட இதை விரும்பினார்கள்.

இரண்டாவது செபியா. கணவாய் மீன் ஆபத்து வந்தால் கடலில் பீய்ச்சும் அதே மை தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவலாகி, பிஸ்டரின் இடத்தைப் பிடித்தது. இதன் நிறத்துக்குக் காரணம் மெலனின். நம் தலைமுடிக்கு நிறம் தருவதும் அது தான். மெலனின் எளிதில் அழியாது. 1833இல் இங்கிலாந்தின் எலிசபெத் ஃபில்பாட் என்ற புதைபடிவ ஆய்வாளர், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கடல் உயிரியின் மைப்பையில் கல்லாகிக் கிடந்த மையைக் கரைத்து, இக்தியோசாரஸ் மண்டையோட்டைப் படமாக வரைந்தார்!

மூன்றாவது தான் சுவாரசியமானது. இது பழுப்பு மையே அல்ல. கருப்பு மை! ஓக் மரத்தில் பூச்சி துளைத்து உண்டாகும் மாசிக்காயை ஊறவைத்து, அதில் அன்னபேதி உப்பும் பிசினும் சேர்த்தால் இந்த மை கிடைக்கும். (மாசிக்காய், அன்னபேதி இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்ட பெயர்கள் தான்.) எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கருப்பாகிக் காகிதத்தில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். சுரண்டினாலும் முழுதாகப் போகாது. அதனால் தான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் சட்டமும் கணக்கும் இதில் எழுதப்பட்டன. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா இதில் எழுதப்பட்டது தான். இங்கிலாந்தின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளிலும் நீண்ட காலம் இந்த இரும்பு மை தான்.

நூறு, இருநூறு வருடங்களில் இந்தக் கருப்பு மெல்லப் பழுப்பாகிவிடுகிறது. வான்கோ 1888இல் ஆர்ல் நகரில் கருப்பு மையால் வரைந்த பல கோட்டோவியங்கள் இன்று பழுப்பாகத் தான் இருக்கின்றன. அந்த மென்மையான பழுப்பை ரசிக்கிறோம். வான்கோ பார்த்தது அது இல்லை.

நிறம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த மை உருவாகும்போதே கந்தக அமிலமும் உண்டாகிறது. அன்னபேதி அளவுக்கு மிஞ்சினால், மிச்சமுள்ள இரும்பும் சேர்ந்துகொண்டு காகிதத்தைத் தின்னத் தொடங்கும். எழுத்து இருந்த இடத்தில் கடைசியில் ஓட்டை தான் மிஞ்சும். பாக் கைப்பட எழுதிய இசைக் குறிப்புகளுக்கு இந்தக் கதி தான் நேர்ந்தது. பெர்லின் அரசு நூலகத்தில் அந்தத் தாள்களில் பலவற்றை முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டாகப் பிளந்து, நடுவே மெல்லிய புதுத் தாளை வைத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். தோலில் எழுதிய மாக்னா கார்ட்டா தப்பியதற்கு அந்தத் தோலும் ஒரு காரணம். பதப்படுத்தச் சேர்த்த சுண்ணாம்பு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். 1990களில் நெதர்லாந்தில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். தானியத் தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு, வம்பு செய்யும் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும்.

சரி, மைப்பேனாவுக்கு எது ஒத்துவந்தது? 1884இல் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவில் மை ஒரு மெல்லிய வாய்க்கால் வழியாக இறங்க வேண்டும். செபியாவின் துகள்கள் அதை அடைத்துவிடும். இரும்பு மை உலோக முள்ளை அரிக்கும். அமிலத்தைக் குறைத்துத் தான் பயன்படுத்த முடிந்தது. இங்கே கைகொடுத்தது செயற்கைச் சாயம். 1856இல் பதினெட்டு வயது பெர்கின் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1860களிலேயே பிஸ்மார்க் பழுப்பு என்ற சாயமும் வந்துவிட்டது. இன்று கடையில் "செபியா" என்ற பெயரில் கிடைக்கும் பேனா மைகளில் பெரும்பாலானவை சாயம் தான். கணவாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ஒப்பிட்டால் இப்படி வருகிறது. சாய மை பேனாவைக் காக்கும். ஆனால் தண்ணீரில் கலையும், வெயிலில் வெளுக்கும். இரும்பு மை எழுத்தைக் காக்கும், காகிதத்தைத் தின்னும். செபியா நிற்கும், பேனாவுக்குள் போகாது. எல்லாவற்றையும் காக்கும் பழுப்பு இதில் எதுவும் இல்லை. அழியக் கூடாது என்று எழுதுபவர் நிறத்தை மட்டும் பார்த்து மை வாங்கக் கூடாது.