துவக்கும் பத்திரமும்

மன்னார்த் தீவுக்குள் நுழைவோர் தாம்போதியைக் கடந்ததும் முதலிற் காண்பது ஒரு கோட்டையை. 1560-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா, அங்கே நிலைகொள்ள முடியாமல் திரும்பும் வழியில் இத்தீவைக் கைப்பற்றி அக்கோட்டைக்கு அடியிட்டான். 1658-இல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கொடிகள் மாறினவேயன்றி விதியொன்று மாறவில்லை. மதிலுக்குள்ளே இருப்பவனிடம் துவக்கு இருக்கும். வெளியே வலை இழுப்பவனிடம் இராது.

துவக்கு வருமுன் மன்னார் இரத்தம் கண்டதில்லை என்று கூறுவது பொய்யாகும். 1544-இல், புதிதாகக் கிறித்தவம் தழுவிய எளிய மக்கள் அறுநூற்றுக்கு மேற்பட்டோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை இத்தீவிலேயே கொன்று குவித்தது. அதற்குப் பரங்கியின் வெடிமருந்து தேவைப்படவில்லை. ஆதலால் வன்முறையை அந்நியர் இறக்கிய சரக்கென்று சொல்லி நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. துவக்குச் செய்யும் திறன் நம் நாட்டில் இல்லாமற் போனதுமில்லை. சிங்களக் கம்மியர் வார்த்த துவக்குகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ த கூத்தோவே வியந்து பாராட்டியிருக்கிறார். பின் எப்படி இம்மக்கள் வெறுங்கையராயினர்? தாமாக ஆயினரல்லர், ஆக்கப்பட்டனர்.

கடலுக்கு அப்பாற் சற்றே பார்ப்போம். கட்டபொம்மன் 1799-இலும் மருதிருவர் 1801-இலும் தூக்கிலிடப்பட்டபின், 1801 டிசம்பரிற் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாண்டிச் சீமையின் பாளையக் கோட்டைகள் இடிக்கப்படல் வேண்டும். மக்கள் ஆயுதம் வைத்திருத்தல் கூடாது என்பது அதன் சாரம். இரண்டாண்டு கழித்து இக்கரையிலும் அதே கதை. வன்னியிற் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அவனை அடக்க மூன்று திசைகளிலிருந்து படை புறப்பட்டது. மன்னாரிலிருந்து வொன் திறிபேர்க் தலைமையிற் சென்ற படைதான் அவ்வாண்டு ஒக்டோபர் 31-ஆம் நாள் கற்சிலைமடுவில் அவனை முறியடித்தது.

இந்த ஆங்கிலேயன் தன் சொந்த நாட்டில் எவ்வாறு இருந்தான் என்பதே சுவையான பகுதி. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், புரொட்டஸ்தாந்து மதத்தைச் சார்ந்த குடிகள் தத்தம் நிலைக்கேற்பத் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்று விதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனிற் பணமுள்ள எவனும் கடைக்குட் புகுந்து கைத்துப்பாக்கி வாங்கலாம். 1870-இல் வந்த சட்டமும் அஞ்சலகத்திற் பத்துச் சிலிங் கட்டச் சொன்னதேயன்றி, வாங்குவோனின் யோக்கியதையை விசாரிக்கச் சொல்லவில்லை. அதே காலத்தில், 1878-இல், லிட்டன் பிரபு இந்தியாவில் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியனுக்கு உரிமப் பத்திரம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டியதில்லை. தோலின் நிறமே அவனுக்குப் பத்திரம்! காந்தியடிகள் 1918-இல் எழுதிய படைச்சேர்ப்புத் துண்டறிக்கையில் இச்சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். இன்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் அவ்வாசகத்தை வெட்டியெடுத்துத் தம் கட்சிக்குச் சாட்சியாக்கிக் கொள்கின்றனர். அகிம்சையின் தூதருக்கு நேர்ந்த கதியைக் கண்டு சிரிப்பதா, அழுவதா?

குடியேற்ற நாட்டிற் பழகிய கை தாய்நாட்டிலும் அதே வேலையைச் செய்தது. முதலாம் உலகப் போர் முடிந்தது. ருஷ்யாவிற் புரட்சி வென்றது. பிரித்தானியத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். போரிற் சுடப் பழகிய இலட்சக்கணக்கானோர் வீடு திரும்பினர். ஆளும் வர்க்கம் கலங்கியது. 1920-ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டம், பொலிஸ் அதிகாரியின் சான்றிதழின்றி எவரும் கைத்துப்பாக்கியோ ரைபிளோ வைத்திருத்தலாகாது என்று கட்டளையிட்டது. கள்வர் பயம் வெளியே சொல்லப்பட்ட காரணம்; அமைச்சரவையின் உள்ளத்தில் இருந்தது தொழிலாளர் பயமும்தான்.

அமெரிக்கர் வேறு வழியிற் சென்றனர். அரசனை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்றவர்களாதலால், 1791-ஆம் ஆண்டின் இரண்டாம் அரசமைப்புத் திருத்தத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பொறித்தனர். கேட்பதற்கு வீறான கொள்கை. ஆயின் அத்துவக்கு யாரை நோக்கி நீண்டது? செவ்விந்தியரின் நிலத்தை நோக்கி. தப்பியோடும் அடிமையை நோக்கி. 1865-இல் அடிமைத்தளை அறுந்தபோது மிசிசிப்பி மாநிலம் இயற்றிய கறுப்பர் சட்டம், விடுதலை பெற்ற நீக்ரோவர் உரிமப் பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து, கலிபோர்னியாவிற் கருஞ்சிறுத்தைகள் வெளிப்படையாக ஆயுதமேந்தி வீதிக்கு வந்தபோது, 1967-இல் ஆளுநர் ரீகனே குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்திற் கொண்டு திரிவதைத் தடைசெய்யும் சட்டத்திற் கையொப்பமிட்டார். உரிமை எல்லோர்க்கும் என்பது ஏட்டில். பத்திரம் கறுப்பனுக்கு என்பது வழக்கில்.

இனி நம் கச்சேரிக்கு வருவோம். 1915-இல் இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. ஐரோப்பியத் துரைமார் ஆயுதமேந்தி ஊர்களிற் சுற்றினர். விசாரணையின்றி மனிதர் சுடப்பட்டனர். பொன்னம்பலம் இராமநாதன் அதனைச் சட்டசபையிலும் நூல் வாயிலாகவும் அம்பலப்படுத்தினார். முதலில் அடிபட்ட முஸ்லிம்களின் துயர் அந்நூலிற் போதிய இடம் பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு, 1916-இல், 33-ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம் பிறந்தது. திருத்தங்களுடன் அதுவே இன்றும் இந்நாட்டின் சட்டம்.

சட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது, வாழப்படுவது முருங்கனில். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் விதைப்பவனுக்குத் துவக்கு வீரச் சின்னமன்று. கதிர் முற்றும் பருவத்திற் காட்டுப் பன்றி ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோற்றை உழுதுவிட்டுப் போகும். அதற்காகவே அவன் இடியன் துவக்கையோ வேட்டைத் துவக்கையோ விரும்பினான். அதனைப் பெற விதானையாரின் நற்சொல் வேண்டும். அரசாங்க அதிபரின் கையொப்பம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். விதானையாரின் நற்சொல் சும்மா வருமா? அவர் வயலில் ஒருநாள் வேலை, அவர் வளவுக்கு ஒரு மான் தொடை. இயலாதவன் கட்டுத்துவக்கைப் பற்றைக்குள் ஒளித்துக் கட்டினான். அது பன்றியைச் சுட்டதோடு, விறகுக்குப் போனவன் காலையும் சுட்டது.

இவ்வுலகை உள்ளிருந்து கண்ட ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. 1906-இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமிற் பணியாற்றிய இளம் அதிகாரி லெனாட் வுல்வ், பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். பதவியைத் துறந்து 1913-இல் 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் பொருள்படும் நாவலை வெளியிட்டார். அதிலே ஏழை வேட்டைக்காரன் சிலிந்து, தன் குடும்பத்தை நசுக்கிய ஊர்த் தலைவனையும் கடன் கொடுத்தவனையும் தன் துவக்காலேயே சுட்டு வீழ்த்துகிறான். அவனுக்கு நீதி கிடைத்ததா? சிறைதான் கிடைத்தது. சிலிந்துவின் துவக்கை மட்டும் கண்டு அஞ்சுவோர், அவனை அந்நிலைக்குத் துரத்திய கணக்குப் புத்தகத்தைக் காண்பதில்லை.

அமெரிக்கன் சொல்வான்: ஒவ்வொரு குடிமகனிடமும் துவக்கு இருந்தால் அரசு அஞ்சும். பிரித்தானியன் சொல்வான்: துவக்கு அரசிடம் மட்டும் இருந்தால் குடிமகன் அஞ்சவேண்டியதில்லை. இவ்விரு கூற்றுக்களையும் மன்னார் தன் உடலிலே சோதித்துப் பார்த்தது. 1984 டிசம்பர் 4-ஆம் நாள், கண்ணிவெடியொன்றிற் படையினர் சிக்கியபின், மன்னார் வீதியிலே பேருந்துப் பயணிகளும் வழியோர மக்களுமாகப் பெருந்தொகையான பொதுமக்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. அதே மாதத்தில் மெதடிஸ்த போதகர் ஜெயராசசிங்கமும், 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியனும் கொல்லப்பட்டனர். போதகரும் குருவும் எந்தத் துவக்கையும் தூக்கியவரல்லர். சட்டப்படி அரசிடம் மாத்திரமே இருக்கவேண்டிய ஆயுதம் செய்த காரியம் இது.

அந்த அரசை அஞ்சவைக்க எழுந்த துவக்கு என்ன செய்தது? 1990 ஒக்டோபர் இறுதியில், மக்களைக் காப்பதாகச் சொல்லிய விடுதலைப் புலிகளின் ஆயுதம் எருக்கலம்பிட்டியிலும் ஏனைய ஊர்களிலும் முஸ்லிம் வீடுகளின் வாயிலில் வந்து நின்றது. தலைமுறை தலைமுறையாக அத்தீவில் வாழ்ந்தோர் நகையையும் காசையும் பறிகொடுத்து, படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போயினர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அன்று அயலவனின் வாயடைத்தது துவக்கு மட்டுமன்று. அச்சத்தோடு ஓரளவு உடன்பாடும் இருந்தது. அதைத் தமிழர் ஒப்புக்கொள்ளாமல் இச்சரித்திரத்தை எழுத முடியாது.

1996 மார்ச்சில் ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் பள்ளியிற் பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கிகள் உரிமம் பெற்றவையே. பெற்றோரும் மக்களும் திரண்டனர்; ஏழு இலட்சம் பேர் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர்; அடுத்த ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் கைத்துப்பாக்கிகளை விலக்கியது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியோரும் மடிந்தனர்; அங்கேயும் தாய்மார் அழுதனர்; 2013-இற் செனட் சபை சிறு திருத்தத்தையும் நிறைவேற்ற மறுத்தது. இரண்டு நாட்டுத் தாயரின் கண்ணீரும் ஒன்றே. வேறுபாடு, ஒன்றில் ஆள்வோர் பதில் சொல்ல நேர்ந்தது. மற்றதில் ஆயுத வணிகரின் செல்வாக்கு அவர்களைக் காத்தது.

இங்கே மன்னார்த் தாய் யாரிடம் விண்ணப்பிப்பாள்? 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு அதன்முன் ஒரு கணக்கை வைத்தார். இறுதிப் போருக்கு முன் வன்னியில் இருந்தோர் 429,059 பேர்; அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர்; எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அவர் கையாண்டது இயக்கத்தின் கணக்கன்று. வேட்டைத் துவக்கு ஒவ்வொன்றுக்கும் பத்திரம் எழுதி வந்த அதே கச்சேரிகளின் குடித்தொகைப் பதிவு. ஆயர் 2021 ஏப்ரல் முதல் நாள் மறைந்தார். அக்கழித்தற் கணக்குக்குத் தாய்மார் ஏற்கத்தக்க விடையை எந்த அரசும் எழுதிக் கொடுக்கவில்லை.